குளிர்ந்த டீசல் இயந்திரமும் முந்திப் பாயும் எண்ணெயும்

பழைய டீசல் இயந்திரம் குளிர்காலையில் வெண்புகை கக்கித் தடுமாறினால், அதன் பம்பைத் திருகி, எண்ணெய் பாயும் வேளையை நிரந்தரமாக முந்தவைத்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இவ்வழக்கம் இயந்திரத்துக்குக் கேடு பயப்பதென்பது நம் கருத்து. காரணத்தைச் சிறிது விரித்துரைப்போம்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைக் கொளுத்துவது. 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல் காரிலே காற்றானது தன் பருமனில் ஏறக்குறைய 23-இல் ஒரு பங்காக நெருக்கப்பட்டது. எனினும், இரவெல்லாம் குளிர்ந்துகிடந்த உலோகச் சுவர் அவ்வுஷ்ணத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ளுமன்றோ? ஆகவே எண்ணெய் தீப்பற்றத் தாமதிக்கும். அதற்குள் பிஸ்டன் மேலெல்லை கடந்து கீழிறங்க, காற்றும் விரிந்து குளிர, எண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே வெண்புகையாய் வெளிச்செல்லும். அறையை முன்னதாகச் சூடேற்றும் பிளக்குகள் உதவுமாயினும் தாமதம் முற்றும் நீங்குவதில்லை. வெண்புகையைக் கண்டவுடன் இயந்திரம் தேய்ந்துபோயிற்றென்று தீர்ப்புக் கூறுவோரும் உளர். அஃது எப்போதும் உண்மையன்று.

தாமதம் நேருமெனத் தெரிந்தால் எண்ணெயைச் சற்று முன்னரே அனுப்புவதுதான் தக்கது. அக்காரில் அமைந்த போஷ் விஇ வகைப் பம்பு இதனைச் செய்யும் விதம் காண்பதற்கு இனியது. மேடுகளையுடைய தட்டொன்று, உருளைகள் பொருத்திய வளையத்தின்மேற் சுழல்கிறது. மேடு உருளையின்மேல் ஏறுந்தோறும் எண்ணெய் பீச்சப்படும். தட்டு சுழலும் திசைக்கு எதிராக வளையத்தைச் சிறிது திருப்பினால், மேடு உருளையை முன்னதாகவே சந்திக்கும். இயந்திரம் விரைந்தோடுங்கால், பம்பினுள் மிகும் எண்ணெயழுத்தம் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளி வளையத்தைத் தானே திருப்பிவிடும். தொடக்கத்திலோ அவ்வழுத்தம் போதாது. அதன்பொருட்டே காரோட்டியின் முன் ஒரு குமிழை வைத்தனர். குமிழை இழுத்தால் கம்பி நெம்புகோலை அசைக்கும்; நெம்புகோல் வளையத்தைத் திருப்பும். பம்பின் தண்டு கிராங்குத் தண்டின் பாதி வேகத்திலேயே சுழல்வதால், பம்பில் ஒரு பாகை அங்கே இரண்டு பாகையாகும். அற்பத் திருப்பமே போதும். இயந்திரம் சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிடவேண்டும். பின்வந்த சில பம்புகளில், உஷ்ணத்தால் விரியும் மெழுகு இவ்வேலையை மறதியின்றிச் செய்தது. 1997 முதல் கார்களிற் புகுந்த காமன்ரெயில் முறையில் மின்னணுக் கருவி இதனை ஏற்றுக்கொண்டது.

ஆயின் இம்முந்துதல் குளிர் நீங்குமளவும் மட்டுமே வேண்டுவது. சூடான இயந்திரத்தில் எண்ணெய் விரைவிற் பற்றும். அப்போதும் பம்பு அளவுமீறி முந்தி நிற்குமாயின், பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் மிகுந்து அதனை எதிர்க்கும். தட்டும் ஓசை வலுக்கும். பேரிங்குகளும் கேஸ்கட்டும் வருந்தும். ஆகையால் சூடேற்றும் பிளக்குகள் சரியாயுள்ளனவா, குமிழின் கம்பி தளர்ந்துள்ளதா என்று முதலிற் பார்த்தல் முறை. கம்பி செவ்வனே இழுக்காமைக்குப் பம்பைத் தண்டிப்பானேன்?

வேளையைச் சரிபார்க்க நேரிடினும் குமிழ் உள்ளே இருத்தல் இன்றியமையாதது. மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கைக் காட்டும் கருவியை வைத்துப் பார்க்கையில் குமிழ் வெளியே இருந்துவிட்டால் அளவு மிகுந்து தோன்றும். அதனை நம்பிப் பம்பைப் பின்னோக்கித் திருப்புபவர், சூடான இயந்திரத்தை என்றும் பிந்தி எரியவைத்துவிடுவர். மறுநாட் காலையில் குமிழை இழுத்தாலும் வெண்புகை முன்னிலும் அதிகமாகவே எழும்.