பழைய மட்டையும் புதிய மட்டையும்

கிரிக்கெட் ஆடும் சிறுவனொருவனுக்கு அவனுடைய மட்டை வெறும் மரத்துண்டன்று. ஈராண்டு மூவாண்டு அவன் கையிற் பழகி, அவன் தோளின் வலிமையையும் வீச்சின் வேகத்தையும் அறிந்த தோழன்போல் நிற்பது அது. அத்தகைய மட்டை ஆட்டப் பருவத்தின் நடுவே பிளந்துவிடுமாயின் அவன் உள்ளங் கலங்குதல் இயல்பே. அக்கலக்கத்தைக் கண்டு நகைப்பாரும் உளர். விலை மிகுந்த வேறொன்றை வாங்கித் தந்தால் துயர் தீருமெனக் கருதுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் உண்மையை உணர்ந்தாரல்லர் என்பது நம் கருத்து.

முதற்கண், மாற்றுதல் இன்றியமையாததோ என ஆராய்தல் வேண்டும். மட்டையின் அலகு வில்லோ மரத்தாலும் கைப்பிடி பிரம்பாலும் ஆயவை. கைப்பிடி முறியின் அதனை மட்டும் நீக்கிப் புதியது பொருத்துவிக்கலாம். விளிம்பிலே தோன்றும் சிறு கீறலைப் பசையிட்டு நாடாவாற் சுற்றி அடக்கலாம். அலகே ஆழப் பிளந்ததாயின் விடை கொடுத்தலே தக்கது.

இனிப் புதியதனைத் தேர்வது எங்ஙனம்? மட்டையின் நீளம் 38 அங்குலத்தையும் அகலம் 4¼ அங்குலத்தையும் கடத்தலாகாதென்பது ஆட்ட விதி. 2017-ஆம் ஆண்டு முதல் விளிம்பின் தடிப்பும் 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாதென வரையறை செய்துள்ளனர். ஆயின் எடைக்கு விதிகள் எவ்வரம்பும் கூறவில்லை. அதனைத் துணிதற்குரியது ஆடுவோனுடைய கையேயன்றிப் பிறிதில்லை. பெற்றோரோ, ‘வளரும் பிள்ளை, சற்றுப் பெரிதாகவே வாங்குவோம்’ என்பர். சட்டை பெரிதாயின் மடித்துத் தைக்கலாம், மட்டையை மடிப்பதெங்ஙனம்? கனத்த மட்டை காலந்தாழ்த்தே கீழிறங்கும்; விரைந்து வரும் பந்தோ காத்திராது. ஆதலின் பழையதனோடு எடையிலும் கைக்கு அமையும் நிலையிலும் ஒத்ததனையே நாடுதல் வேண்டும். அதனை அறிய வல்லவன் அச்சிறுவனே.

மற்றொன்று. புதிய மட்டை கடையினின்று நேரே களம்புகத் தக்கதன்று. மேலுறை ஒட்டப்பெறாத மட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லெனப் பூசி உலரவிடல் வேண்டும். பின்னர் மரச்சுத்தியால் அதன் முகத்தையும் விளிம்பையும் ஏறக்குறைய 6 மணி நேரம், பல நாட்களிற் பகுத்து, மெல்ல மெல்லத் தட்டிப் பதப்படுத்தல் வேண்டும். பதப்படாத மட்டை முதல் ஆட்டத்திலேயே பிளப்பினும் வியப்பில்லை. ஆகவே, பழையது முற்றும் முறியுமுன்னரே புதியதைப் பழக்கத் தொடங்குதல் அறிவுடைமை.

‘1996-ஆம் ஆண்டு நைரோபியில் ஷாஹித் அப்ரிடி, டெண்டுல்கருக்குரிய மட்டையைக் கையேந்தி, இலங்கையணிக்கு எதிராக 37 பந்துகளில் நூறு ஓட்டங்கள் எடுத்தாரன்றோ? எம்மட்டையாயின் என்ன?’ என வினவுவாரும் உளராவர். அஃது ஒரு நாளைய வெற்றி. பருவமோ பல வாரங்கள் நீள்வது. எனினும் அந்நிகழ்ச்சி சோர்வுற்ற சிறுவனுக்கு ஓர் உண்மையைப் புகட்டும்: திறமை மரத்திலில்லை, கையிலும் கண்ணிலுமே உள்ளது. பழைய மட்டையிற் பயின்றவை அதனோடு அழிவனவல்ல.

ஆதலின் பெற்றோர்காள்! உங்கள் மகனையோ மகளையோ கடைக்கு உடனழைத்துச் செல்லுங்கள். மட்டையை அவர் கையில் கொடுத்து, அவர் விடையைக் கேளுங்கள். உங்கள் பொருள் வரம்பையும் மறையாது உரையுங்கள். வரம்பறிந்து தேர்தலும் ஒரு கல்வியே. இளைஞர்காள்! பழைய மட்டையின் அடிமுனை மட்டும் பழுதாயின் அதனை அறுத்துக் குறுக்கித் தெருவிலாடும் தம்பியொருவனுக்கு அளியுங்கள். உங்கள் கையிற் பழகியது இனி அவன் கையிற் பழகட்டும்.