காரை ஓரங்கட்டிவிட்டு நடங்க மக்களே!

நியூயார்க்கில் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவைப் பலர் காரிலேயே "பார்த்து" முடித்துவிடுகிறார்கள். வியூ பாயின்டில் நிறுத்து, போட்டோ எடு, வண்டியைக் கிளப்பு. என்னைக் கேட்டால் அது பாதிப் பயணம்கூட இல்லை.

ஜெனசி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அது. சில இடங்களில் பாறைச் சுவர் 550 அடி வரை நிற்கிறது. மூன்று பெரிய அருவிகள். நடு அருவி மட்டும் 107 அடி. சுமார் 7 மைல் கார்ஜ் டிரெயிலில் நடந்து வந்தால் முதலில் இரைச்சல், அப்புறம் முகத்தில் சாரல், கடைசியில்தான் அருவி. காரில் போனால் இந்த வரிசையே கிடையாது.

இது செனெகா மக்களின் மண். 1797 ஒப்பந்தத்தில் இந்தப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். 1859-ல் இங்கே நிலம் வாங்கிய வில்லியம் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபர், மின்சாரத் திட்டம் அருவிகளை விழுங்கிவிடுமோ என்று பயந்து, 1906-ல் சுமார் 1000 ஏக்கரை மாநிலத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

ஒருவர் இழந்து, ஒருவர் கொடுத்து மிஞ்சிய இடம். அதற்கு வெறும் பத்து நிமிஷமா? நல்ல ஷூ, தண்ணீர் பாட்டில் போதும். வேலியை மட்டும் தாண்டாதீங்க :)