முதியோர் மருத்துவமும் அரசின் தஃப்தரும்: நாம் தட்டாமல் விட்ட இரு வாசல்கள்

 

"படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை" என்ற முறையீடு நம் மஹல்லாக்களில் கேட்காத நாளில்லை. பொறியியல் முடித்த மகன் மாமாவின் ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறான். கணினி அறிவியலில் பட்டம் பெற்ற மகள் நிக்காஹ் பேச்சு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். இருவரையும் பெற்ற வாப்பா, வளைகுடா விசாவுக்காக யாரோ ஒரு முகவரின் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். இதற்கெல்லாம் அரசின் பாராமுகமும் சமுதாயத்தின் மீதான காழ்ப்புமே காரணம் என்று மேடைகளில் முழங்குகிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்ல நம்மவர்கள் கூசுகிறார்கள். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தமிழகத்தில் ஆள் தேவை ஆண்டுதோறும் பெருகிவரும் துறைகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, முதியோர் மருத்துவமும் பராமரிப்பும். மற்றொன்று, அரசிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் உள்ள தகவல் தொழில்நுட்பப் பணி. இவ்விரு வாசல்களையும் நம் பிள்ளைகள் நெருங்காமல் தடுப்பவை மூன்று தவறான எண்ணங்கள். முதலாவது, "அந்த வேலை நம் குடும்பத்துக்கு ஆகாது" என்பது. இரண்டாவது, "நமக்குக் கொடுக்க மாட்டார்கள்" என்பது. மூன்றாவது, "ஆள் பிடித்துப் பணம் கொடுத்தால்தான் நடக்கும்" என்பது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

"அந்த வேலை நமக்கு ஆகாது"

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. 2021இல் இது 13.6 விழுக்காட்டை எட்டும் என மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கை கணித்தது. கேரளத்துக்கு அடுத்தபடியாக, முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் நம்முடையதே. இத்துறைக்கு இங்கே பழைய வேரும் உண்டு. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பை இந்தியாவிலேயே முதன்முதலாக 1996இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. முதியோருக்கான தேசிய நலவாழ்வுத் திட்டம் 2010-11இல் வந்தது. வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுத்து, இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவை அனைத்துக்கும் மருத்துவர் மட்டும் போதாது. செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், வீட்டுப் பராமரிப்பாளர் என ஒரு படையே வேண்டும்.

இனி நம் ஊர்களைப் பாருங்கள். காயல்பட்டினமோ, கீழக்கரையோ, அதிராம்பட்டினமோ, கடையநல்லூரோ, எங்கும் பிள்ளைகள் சபரில் இருக்கிறார்கள். பெரிய வீடு கட்டியாயிற்று. அதில் வயதான வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பவும், சிறுநீர்க் குழாயை மாற்றவும், ஊசி போடவும் வெளியூரிலிருந்து ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதே வீட்டில், "நான் நர்ஸிங் படிக்கிறேன்" என்று பேத்தி சொன்னால் வீடே கொதிக்கிறது. நம் உம்மாவைத் துடைத்துவிடும் கை நமக்கு வேண்டும். அந்தக் கை நம் வீட்டுக் கையாக இருந்தால் மட்டும் மானக்கேடு! இது என்ன நியாயம்?

இன்னொன்றையும் கேட்கிறேன். நம் வீட்டுப் பெண் மருத்துவமனைக்குச் சென்றால், "லேடி டாக்டர் இருக்கிறாரா, லேடி நர்ஸ் இருக்கிறாரா" என்று முதலில் கேட்பவர்கள் நாம்தாம். கேட்பது சரியே. ஆனால் எல்லாச் சமுதாயத்தாரும் தத்தம் பெண்மக்களைப் படிக்கவைத்து நமக்கு அனுப்ப வேண்டும், நாம் ஒருவரையும் அனுப்பமாட்டோம் என்பதை எந்த ஹயாவின் கணக்கில் எழுதுவது?

மார்க்கத்தின் பெயரால் தடை சொல்வோர் வரலாற்றைப் புரட்டட்டும். ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது மஸ்ஜிதுந் நபவியில் அடிக்கப்பட்ட கூடாரத்தில். அங்கே காயம்பட்டோரைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹ் சர்ச்சைகளைக் கற்கவே முண்டியடிக்கிறார்களே என்று தம் காலத்தவரைக் கண்டித்தார். அவர் மறைந்தது 1111இல். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கண்டனம் நமக்குப் பொருந்துகிறது என்றால், கிதாபை ஓதினோமே தவிர அதிலிருந்து என்ன கற்றோம்?

இரவுப் பணி, சீருடை, பயணம் ஆகிய சிரமங்கள் உண்மையானவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தனி ஒரு பெண்ணாக நின்று கேட்டால் கிடைக்காத வசதி, ஒரு ஜமாஅத்தே நின்று கேட்டால் கிடைக்கும். மகளைப் படிக்க அனுப்பும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பாதுகாப்பான விடுதிக்கும் வாகனத்துக்கும் வழி பிறக்கும். ஒருவரும் அனுப்பாவிட்டால் கேட்பதற்கே ஆளில்லை. ஆண்மக்களுக்கும் இங்கே இடமுண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டவும், நடக்கப் பழக்கவும் பயிற்சி பெற்ற இளைஞரின் தேவை வீட்டுக்கு வீடு இருக்கிறது.

"நமக்குக் கொடுக்க மாட்டார்கள்"

உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் திவான் என்னும் பதிவேட்டு முறையை ஏற்படுத்தினார்கள். யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பது அதில் எழுதப்பட்டது. ஏட்டில் பெயர் இருந்தால்தான் பங்கு கைக்கு வரும். நம் மஹல்லாவின் நிக்காஹ் தஃப்தருக்கும் இதே மதிப்பு. அதில் பெயரில்லாத திருமணம் பிற்பாடு எத்தனை வழக்குக்கு இடமாகிறது என்பதை நாம் அறிவோம்.

இன்று அரசின் தஃப்தர் கணினியில் இருக்கிறது. குடும்ப அட்டை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் மென்பொருளில் ஓடுகின்றன. அந்த மென்பொருளை எழுதுவோரும் பராமரிப்போரும் எங்கிருந்து வருகிறார்கள்? 1976இல் அமைந்த தேசியத் தகவலியல் மையம், 1977இல் தமிழக அரசு தொடங்கிய எல்காட், ரயில்வேயின் கணினிப் பணிக்கென 1986இல் உருவான கிரிஸ், 1988இல் தோன்றிய சி-டாக், பொதுத்துறை வங்கிகள் ஆகியவை இத்தகைய பணியிடங்கள். வங்கிகளின் ஐ.டி. அதிகாரி பதவிக்கு ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரித் தேர்வு நடத்துகிறது. கணினித் துறையில் நான்காண்டுப் பொறியியல் பட்டமோ எம்.சி.ஏ.வோ போதும், வயது 20 முதல் 30 வரை. சில நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட் எழுதுகிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

"எழுதினாலும் நமக்கு எங்கே தரப்போகிறார்கள்" என்பார்கள். புறக்கணிப்பு கற்பனை அல்ல. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ்.ஸில் 3, ஐ.பி.எஸ்.ஸில் 4, ரயில்வேயில் 4.5 விழுக்காடு மட்டுமே என்று எடுத்துக்காட்டியது. இந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுக்கவே வேண்டும். ஆனால் தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாகவே இருக்கிறது. 2011 கணக்கின்படி மாநில மக்கள்தொகையில் நாம் 5.86 விழுக்காடு, ஆகவே 3.5 போதாது, கூட்டித் தர வேண்டும் என்று மேடை போடுகிறோம். நியாயமான கோரிக்கை. எனினும் கூட்டிக் கேட்கும் நாவுக்கு, இருப்பதைப் பயன்படுத்தும் கையும் வேண்டும். போராட்டத்துக்கு இருபது வண்டிகளை ஏற்பாடு செய்யும் நிர்வாகம், தேர்வு விண்ணப்பம் நிரப்ப ஒரு மேசையை ஏன் போடுவதில்லை?

அந்த மேசை இல்லாததால் நேரும் இழப்பு சிறிதல்ல. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கே மாநில ஒதுக்கீடு உரியது. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று தெளிவாக இருக்க வேண்டும். மத்திய அரசுப் பணிக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு உள்ளதா என்று பார்த்து, வசதிபடைத்த பிரிவில் சேராதவர் என்ற குறிப்புடன் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே பெற வேண்டும். அதோடு, 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் மாநில அரசின் போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்கள் திருத்தப்படுவதே இல்லை. வீட்டில் உருது பேசி, பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளை இங்கேதான் வழுக்குகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் இருக்கிறது. இவற்றையெல்லாம் பிள்ளைக்கு யார் சொன்னோம்?

"பணம் கொடுத்தால்தான் நடக்கும்"

இம்மூன்றில் மிகக் கேடானது இதுவே. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) சபித்தார்கள் என்பதைக் குத்பாவில் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் முகவருக்கு முன்பணம் அனுப்புகிறோம். சிலர் ஃபிக்ஹிலேயே சலுகை தேடுகிறார்கள்: "நமக்குரிய உரிமையைப் பெறவும், அநியாயத்தைத் தடுக்கவும் வேறு வழியின்றிக் கொடுப்பதைச் சில அறிஞர்கள் அனுமதித்துள்ளார்களே!" அனுமதித்தவர்கள் பேசியது உரிமை உறுதியான பின் அதை மறிப்பவனைப் பற்றி. தேர்வே எழுதாதவனுக்கு அந்தப் பதவி எப்படி உரிமையாகும்? தகுதி பெற்ற இன்னொருவனின் இடத்தைப் பணத்தால் பறிப்பது அவனுடைய ஹக்கைத் தின்பதாகும். அப்படிப் பெறும் சம்பளத்தில் பரக்கத்தை எதிர்பார்ப்பது வீண்.

உலகியல் கணக்கிலும் இது நட்டமே. அரசு மருத்துவமனைகளின் செவிலியரையும் மருத்துவரையும் தேர்வு செய்வது 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதன் அறிவிப்பு அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் பொதுவாக வெளிவருகிறது. எந்த முகவரின் சட்டைப் பையிலும் ஒளிந்திருப்பதில்லை. வெளிநாட்டு வேலைக்கு, பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனம் உண்டு. இவ்வளவும் இருக்க, நகையை அடகு வைத்து லட்சங்களை அறிமுகமில்லாத ஆளிடம் கொடுத்துவிட்டு, பிறகு "கத்ர்" என்று பெருமூச்சு விடுவது தவக்குல் ஆகாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இவ்வழிகள் எளிதானவை அல்ல. அரசு செவிலியர் பலர் ஒப்பந்தத்தில் தொகுப்பூதியத்துக்கே பணியில் சேர்கிறார்கள். நிரந்தரம் ஆகப் பல்லாண்டு காத்திருக்கிறார்கள். அரசின் கணினிப் பணிகளிலும் ஒப்பந்த முறை மிகுந்துள்ளது. தேர்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு வேண்டும். ஆனால் சபரில் இளமையைக் கழித்து, பிள்ளை வளர்வதைக் கைப்பேசித் திரையில் பார்த்து, ஐம்பது வயதில் நோயுடன் திரும்பும் வாழ்க்கை மட்டும் எளிதா? அந்த வாழ்க்கைக்குக் கொடுக்கும் பொறுமையில் பாதியை இதற்குக் கொடுக்க நாம் தயாரில்லை என்பதுதான் வழக்கு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும்

நான் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. மஸ்ஜிதின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குப் பக்கத்தில் தேர்வு அறிவிப்புகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மதரஸா கூடத்தில் சான்றிதழ் முகாம் நடத்துங்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தமிழ்த் தாளுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவராவது இருப்பார், அவர் எந்தச் சமயத்தவராயினும் மரியாதையுடன் அழையுங்கள். எழுத்தறிவு பெற்ற பத்ருக் கைதிகளைக் கொண்டு மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தது நம் வரலாறு. ஏழைப் பிள்ளையின் நர்ஸிங் கட்டணத்துக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் ஜகாத் நிதியிலிருந்து கொடுங்கள்; வறியவர் என்ற முறையில் அவருக்கு அது உரியதே.

பெற்றோரே! மகளுக்காகச் சேர்க்கும் கைக்கூலிப் பணத்தில் ஒரு பகுதி அவளது மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்புக்குப் போதும். கைக்கூலி வாங்கியவன் மறுநாளே அதைச் செலவழிப்பான். படிப்பை எந்த மாமியாராலும் பிடுங்க முடியாது. மகனுக்கு விசா தேடும் முன், அவன் படித்த படிப்புக்கு இந்த ஆண்டு என்னென்ன தேர்வுகள் வருகின்றன என்று அவனுடன் உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுது தேடுங்கள். தேடிய பிறகும் கிடைக்கவில்லை என்றால் அரசைக் குற்றம் சொல்லுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.

நாளை நாமும் முதுமை அடைவோம். நம்மைப் படுக்கையில் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை வேண்டும். நம் ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கணினியில் நியாயமாகப் பதிய ஒரு கண் வேண்டும். அந்தக் கையையும் கண்ணையும் இன்றே நம் வீடுகளில் வளர்க்கத் தொடங்குவோம். அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.