எல்லாக் காரியத்துக்கும் ஒரே கைக்கடிகாரம்



சென்ற வாரம் பள்ளி விட்டதும் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் என்னைத் தேடி வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரமும் ஒரு கைக்கடிகாரமும் போடுவதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். கடையில் கொடுத்த விளம்பரத் தாளை என் மேசைமீது விரித்து வைத்தார்.

"வாத்தியாரய்யா, இந்தத் தங்க முலாம் போட்டதைத்தான் எல்லாரும் நல்லாயிருக்குங்கிறாங்க. கையில அவ்வளவு காசு இல்லே. மாசத் தவணையில தர்றேன்னு கடைக்காரர் சொல்றாரு. வாங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். யோசித்ததை இந்த மாதம் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பேசி முடித்த வீடுகள் நம்மிடையே இன்னும் பல இருக்கும் அல்லவா?

"கைத்தொலைபேசி இருக்கிற காலத்தில் கடிகாரம் எதற்கு, வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர் தொலைபேசியை எடுத்துப் பார்க்க முடியுமா? வேலைக்குள் நுழையும்போதே தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லும் தொழிற்சாலைகள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்குள் பிள்ளைகள் அதைக் கொண்டுபோகவே கூடாது. கையில் பேட்டரி தீர்ந்த தொலைபேசியோடு பஸ் நிற்குமிடத்தில் முழிப்பவர்களையும் நான் தினம் பார்க்கிறேன். ஆகவே கடிகாரத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

என் தகப்பனாரின் கதையைக் கேளுங்கள். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு தோட்டம். அந்நாளில் விடியற்காலையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டித்தான் ஆட்களை எழுப்புவார்கள். பெரட்டுக்கு வா என்றாலும் அந்த மணிதான், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடு என்றாலும் அந்த மணிதான். நேரம் என்பது மணியடிக்கிறவர் கையில் இருந்தது.

அப்பாவுக்குக் கல்யாணத்தில் மாமனார் ஒரு கடிகாரம் போட்டிருந்தார். பளபளவென்று தங்க முலாம் பூசியது. கடன் வாங்கித்தான் போட்டாராம். அவ்வளவு நல்ல பொருளைப் பால் வாளி தூக்குகிற கையில் கட்டலாமா? துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான் வெளியே வரும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள். அன்றைக்கு மணி முன்கூட்டியே அடித்துவிட்டது என்பது அப்பாவின் வாதம். அவர் ஓடிப்போய் நின்றபோது பெரட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். "இன்னும் நேரம் ஆகலையே" என்று சொல்லியிருக்கிறார். "உனக்கு எப்படித் தெரியும்? கையில கடிகாரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். கடிகாரம் இருந்தது, பெட்டிக்குள்ளே! அன்றைய கூலி போயிற்று. யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த சம்பளத்தில் அவர் சுங்கை பட்டாணிக்குப் போய், தினமும் சாவி கொடுக்கிற சாதாரணக் கடிகாரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். அன்று முதல் அது அவர் கையை விட்டு இறங்கவில்லை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி 12 மணி ஆக்கினார்களே, நினைவிருக்கிறதா? அதுவரை தனியாக இருந்த சபா, சரவாக் நேரத்தோடு நம் நேரமும் அன்றுதான் ஒன்றாயிற்று. அன்றிரவு அப்பா தம் கையாலேயே முள்ளைத் திருப்பி வைத்தாராம். "கடியாரத்தைத் திருப்பிட்டீங்க, மரத்துக்கு யாரு சொல்றது?" என்று அம்மா சிரித்தாராம். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

பிற்பாடு நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, பெட்டியிலிருந்த கடிகாரம் அடகுக் கடைக்குப் போய் முழுகியே போனது. கிடைத்த காசு இரண்டு சட்டைக்கும் பஸ் கூலிக்கும் சரியாக இருந்தது. நான் சான்றிதழ் வாங்கிய நாளில் அப்பா அந்தச் சாதாரணக் கடிகாரத்துக்குப் புது வார் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கோட்டு போட்டவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் கையை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். பெட்டியில் இருக்கிற நல்ல கடிகாரத்தைவிடக் கையில் இருக்கிற சாதாரணக் கடிகாரம் மேல். வேலைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று வாங்க நமக்கு வசதியில்லை, தேவையும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற ஒன்றைப் பார்த்து வாங்கினால் போதும். எப்படிப் பார்ப்பது?

முதலாவது, முகப்பு. வெள்ளையோ கறுப்போ, ஒரே நிறமாக, எண்ணோ கோடோ தெளிவாகத் தெரிவதாக இருக்கட்டும். கல் பதித்தது, மூன்று நான்கு சிறு வட்டங்கள் உள்ளது எல்லாம் கண்ணுக்குத்தான் அழகு. சாவு வீட்டுக்குப் போகும்போது மினுக்குகிற கடிகாரம் நமக்கே கூச்சமாக இருக்கும். எளிய முகப்பு கல்யாணத்துக்கும் பொருந்தும், துக்கத்துக்கும் பொருந்தும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் ஒளிரும் முள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தேதியும் கிழமையும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, அளவு. ஆண்களுக்கு 36 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் பெரும்பாலும் போதும். கையில் வைத்துப் பாருங்கள். வார் மாட்டும் காதுகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்குப் பெரிது.

மூன்றாவது, உடல். தங்க முலாம் என்பது மேற்பூச்சு. நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் நாளடைவில் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் பல்லிளிக்கும். எவர்சில்வர் எஃகில் செய்தது கீறினாலும் நிறம் மாறாது. வாங்கும்போது பின்மூடியைத் திருப்பிப் படியுங்கள். மூடி மட்டும் எஃகு என்று போட்டு, மேலுடல் வேறு உலோகமாக இருப்பதும் உண்டு.

நான்காவது, தண்ணீர். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வளவு ஆழம் முங்கலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரையும் தூறலையும் தாங்கும், அவ்வளவுதான். அடைமழையில் வேலை செய்கிறவர்கள் 50 மீட்டராவது பாருங்கள். மூடா ஆற்றில் இறங்கி நீந்துகிற பிள்ளைகளுக்கு 100 மீட்டர் போட்டது வேண்டும். எதுவாயினும் ஈரக் கையால் குமிழை வெளியே இழுக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போக அந்த வழி போதும்.

ஐந்தாவது, உள்ளே ஓடுகிற இயந்திரம். சாவி கொடுப்பது, கை அசைவில் தானே முறுக்கேறுவது, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், வெளிச்சத்தில் ஓடும் சோலார் என்று வகைகள் உண்டு. தானே முறுக்கேறும் வகையில் பேர் பெற்றது ஜப்பானின் சேய்க்கோ 5. 1963-இல் வந்தது. தானியங்கி, கிழமையும் தேதியும் ஒரே சன்னலில், தண்ணீர் தாங்குதல், உள்ளடங்கிய குமிழ், உறுதியான உடலும் வாரும் என்று ஐந்து குணங்களை ஒன்றாகச் சேர்த்ததால் அந்தப் பெயர். ஒரே கடிகாரம் எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணத்திலேயே செய்தது போல இருக்கும். ஆனால் இப்போது புதிதாக வாங்கினால் நம் கைக்குக் கொஞ்சம் கனம்தான். கழற்றி இரண்டு நாள் வைத்தால் நின்றும்விடும்.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டுகிறது. 1969 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒரு சிறிய கார் விலை விற்றது. இன்றோ நூறு வெள்ளிக்குள்ளேயே வாங்கலாம். விலை உயர்ந்த சாவிக் கடிகாரத்தைவிட இந்த மலிவானது துல்லியமாக ஓடும். மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடிதான் முன்பின்னாகும். புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவர், செம்பனைக் குலை அறுப்பவர் கையில் அதிர்ச்சி அதிகம். அவர்களுக்கும் குவார்ட்ஸ்தான் ஏற்றது. மாணவர்களுக்கு 1989 முதல் விற்கும் காசியோ எஃப்-91டபிள்யூ போன்ற எண் காட்டும் கடிகாரம் போதும். ஒரு பேட்டரி சுமார் ஏழு ஆண்டு வரும்.

ஆறாவது, வார். இதுதான் சூட்சுமம். கடிகாரம் ஒன்று, வார் இரண்டு! வேலைக்கு ரப்பர் வார். பால் பட்டாலும் வேர்வை பட்டாலும் கழுவிவிடலாம். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் எஃகுச் சங்கிலி. தோல் வார் நம் ஊர் ஈரத்தில் நாற்றமடித்து இற்றுப்போகும். வார் மாட்டுமிடத்தின் அகலம் 18 அல்லது 20 மில்லிமீட்டராக இருந்தால் எந்தக் கடையிலும் மாற்று வார் கிடைக்கும்.

கடைசியாக, விலை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. மூன்று நாள் கூலிக்கு மேல் கடிகாரத்தில் போடாதீர்கள் என்பது என் கணக்கு. அதற்குள் எஃகு உடல் கொண்ட நல்ல குவார்ட்ஸ் கிடைக்கும். தவணை வேண்டவே வேண்டாம். கடை முத்திரை குத்திய உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற கடிகாரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலியாக இருக்கலாம்.

கட்டினால் மட்டும் போதாது, பார்த்து எழுதவும் வேண்டும். வேலைச் சட்டப்படி 2023 ஜனவரி முதல் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு, சாதாரண நாளில் செய்யும் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டால் பதில் உங்கள் கையில் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயார் வந்தார். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அம்மா, உங்க மகளும் தொழிற்சாலையில ஷிப்டு வேலைக்குத்தானே போறா? அவ கையில கடிகாரம் இருக்கா?"

"இல்லையே, வாத்தியாரய்யா."

"அப்படின்னா அந்தத் தங்க முலாம் விலையில எஃகுக் கடிகாரம் ரெண்டு வாங்குங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் மறுநாளே வேலைக்குக் கட்டிக்கிட்டுப் போகட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சம்பந்தி வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார். "சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

என் தாயார் கடைசிவரை ஒரு கடிகாரமும் கட்டியதில்லை. அப்பாவைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்வார். நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம். வீட்டில் கடிகாரம் வாங்கும் பேச்சு எழும்போது அவர்கள் மணிக்கட்டையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.