கடல் கடந்த கடிதம்

களவாடிய பொருள் எல்லை தாண்டுவதற்குக் கணப்பொழுது போதும். அதனைத் தேடிச் செல்லும் நீதிக்கோ ஆண்டுகள் பல தேவைப்படுகின்றன. ஏன் இந்த நிலை? யார் இதற்குப் பொறுப்பு? தோழர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாட்டின் காவலர் பிறிதொரு நாட்டு மண்ணில் காலூன்றி, வங்கியின் கதவைத் தட்டி, 'எடு பேரேட்டை' என்று ஆணையிட முடியாது. முடியவும் கூடாது! நமது மண்ணில் அயலான் அதிகாரம் செலுத்துவதை நாம் பொறுப்போமா? ஆகவேதான் நாகரிக உலகம் ஒரு வழி கண்டது. இந்நாட்டு நீதிமன்றம் அந்நாட்டு நீதித்துறைக்கு, 'எமக்காக இன்னாரை விசாரித்து, இன்ன ஆவணத்தைப் பெற்று அனுப்புக' என்று எழுதுகிறது. 'லெட்டர் ரொகேட்டரி' என்று வழக்கறிஞர்கள் வழங்கும் வேண்டுகோள் கடிதம் இதுவே. 1990இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 166-ஏ பிரிவாகச் சேர்ந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவாக நிலவுகிறது.

கேட்டவுடன் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். எங்கள் சட்டப்படியும் இது குற்றந்தானா? எந்தக் கணக்கு? என்ன ஆதாரம்? இவ்வளவும் கேட்பார்கள். கொடுத்த ஆவணத்தைக் குறித்த வழக்குக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்றும் விதிப்பார்கள். இவையனைத்தும் நியாயமே, குறை கூறுவதற்கில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

போபர்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்காக 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் நாட்டு வானொலி லஞ்சக் குற்றச்சாட்டை உலகறியச் செய்தது. 1990 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, பிப்ரவரியில் ஸ்விட்சர்லாந்துக்கு டில்லி நீதிமன்றத்தின் கடிதம் புறப்பட்டது. கணக்குக்கு உரியோர் அந்நாட்டு நீதிமன்றங்களில் முறையீட்டுக்கு மேல் முறையீடு தொடுத்தனர். முதன்மையான ஆவணங்கள் டில்லி வந்து சேர்ந்தபோது 1997 ஜனவரி! ஏழாண்டுக் காலம்! அதற்குள் வழக்கில் முதன்மையாகப் பேசப்பட்ட இத்தாலிய வணிகர் குவாத்ரோக்கி 1993 ஜூலையிலேயே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். மலேசியாவிடம் கேட்டோம், கிடைக்கவில்லை. 2007இல் அர்ஜென்டினாவிடம் கேட்டோம். அந்நாட்டு நீதிமன்றமும் ஒப்படைக்க மறுத்தது.

தாமதம் அயலானால் மட்டும் நேர்ந்ததா? அதுதான் இல்லை! 2005 மே மாதம் டில்லி உயர்நீதிமன்றம், ஸ்வீடனிலிருந்து வந்தவை மூலமும் அல்ல, சான்றளிக்கப்பட்ட படிகளும் அல்ல, வெறும் நகல்கள் என்று கூறி, எஞ்சியிருந்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானவற்றைத் தள்ளியது. பல்லாண்டு உழைப்பு, ஒரு முத்திரை இல்லாததால் பாழாயிற்று. அத்தீர்ப்பை எதிர்த்து உரிய காலத்திலாவது உச்சநீதிமன்றம் சென்றார்களா? பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்றார்கள். தாமதத்தைக் காரணங்காட்டி 2018 நவம்பரில் உச்சநீதிமன்றம் கதவைச் சாத்தியது. 64 கோடி ரூபாய் லஞ்சம் என்ற வழக்குக்கு 250 கோடி செலவாயிற்று என்று 2011இல் டில்லி நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. இடையே எத்தனை ஆட்சிகள் வந்தன, எத்தனை ஆட்சிகள் போயின! மேடையில் முழக்கம் குறைந்ததுண்டா? கோப்பில் வேகம் பிறந்ததுண்டா?

இந்தத் தாமதம் குற்றவாளிக்குக் கேடயம் என்பது மட்டுமல்ல. குற்றமற்றவனுக்கு அது தண்டனையுமாகும். ராஜீவ் காந்தி 1991இல் மறைந்தார். அவர் லஞ்சம் பெற்றதற்கு ஆதாரமில்லை என்று டில்லி உயர்நீதிமன்றம் சொன்னது 2004இல். அவரது அரசியலை ஏற்பவராயினும் எதிர்ப்பவராயினும், பழியைச் சுமந்தவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை என்பதை மறுக்க இயலுமா? உண்மை வெளிப்படும் நாளைத் தள்ளிப்போடுகிறவன் மக்களையும் வஞ்சிக்கிறான், குற்றஞ்சாட்டப்பட்டவனையும் வஞ்சிக்கிறான்.

2025ஆம் ஆண்டில் இதே விவகாரம் குறித்து அமெரிக்காவுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் சென்றதாகச் செய்தி வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பிறகு! சாட்சிகள் எங்கே? ஆவணங்கள் எங்கே?

ஆகவே நாம் வலியுறுத்துவது பெரிய புரட்சியன்று, எளிய கடமையே. பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், திட்டவட்டமாகவும், அந்நாட்டு மொழியில் பிழையற்ற பெயர்ப்போடும் கடிதம் செல்லட்டும். வருகின்ற ஒவ்வொரு தாளும் உரிய சான்றோடு வரட்டும். எந்த நாட்டுக்கு எத்தனை கடிதங்கள் சென்றன, எத்தனைக்கு விடை வந்தது, எத்தனை உறங்குகின்றன என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அரசு கணக்குச் சொல்லட்டும். வழக்கின் இரகசியம் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

தோழர்களே! 'வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்' என்று ஆளவந்தார் கூறும்போதெல்லாம் கைதட்டி அமைதியடைந்துவிடாதீர்கள். எழுதியது என்று? விடை எங்கே? விடாமல் கேளுங்கள். கேட்பாரற்ற கடிதம் கடலிலே கரையும். கேட்கும் மக்கள் இருந்தால் அதே கடிதம் நீதியைக் கரை சேர்க்கும்.