ஆணையின் கெடு முடிந்தது. அல்லாஹ்வின் கட்டளைக்குக் கெடு உண்டா?



வாடகை வீட்டில் வாழும் தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது. அவர்களை வெளியேற்ற முனைவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் இட்ட ஆணை இது. ரமளான் தொடங்கிய சில நாள்களில் அந்த ஒரு மாதம் முடிந்தது. அப்போது ஊரடங்கு முடிந்திருக்கவில்லை, மீன்பிடித் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலி இழந்தோரின் கை நிரம்பியிருக்கவுமில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடு வைத்திருக்கும் நாம் எதற்கு ஆயத்தமாகிறோம்? பூட்டுப் போடவா? தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவா? அதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே தடுக்கிறது. சட்டத்திற்கு முன்பே, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரும்படியும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அல்பகரா 280ஆம் வசனம் நமக்குப் பணித்துவிட்டது.

"வாடகையே எங்கள் உலை அரிசி" என்பார் சிலர். உண்மைதான். அவகாசம் என்பது உரிமையை இழப்பதன்று. அதே அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது. ஆகவே குடியிருப்போருடன் அமர்ந்து பாக்கியைக் கணக்கிட்டு, தவணை குறித்து, சாட்சியுடன் எழுதிக்கொள்வோம். முன்பணத்தில் கழிக்க இயலுமானால் கழிப்போம். வசதியிருந்தும் இழுத்தடிக்கும் குடியிருப்பாளர் செய்வதும் அநீதியே. வாடகையையே நம்பி வாழும் விதவையர்க்கு மஹல்லா ஜமாஅத் கைகொடுக்கட்டும்.

இரவெல்லாம் நின்று இறைவனிடம் அவகாசம் கேட்கும் நாம், விடிந்ததும் அடியானுக்கு அதை மறுப்பது எந்த நியாயம்?