எல்லாரும் மைத்திரேயி ஆக வேண்டுமா?

போன மாதம் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மச்சாளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க இடம் கிடைத்திருந்தது. இன்னொன்றில் கணக்கியல் படிக்கவும் இடம் கிடைத்திருந்தது. இடியப்பமும் சொதியும் மேசைக்கு வருவதற்கு முதலே கதை அங்கே போய்விட்டது. மாமா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு வசனம் மட்டும் சொன்னார்: "எல்லாரும் மைத்திரேயி ஆகேலாது, பிள்ளை."

மச்சாள் எழும்பி மேலே போய்விட்டாள். நான் அவளுக்காகக் கதைத்திருக்க வேண்டும், கதைக்கவில்லை. மாமா சொன்னது சரி என்றுதான் அந்த நேரம் எனக்கும் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வசனம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று மேசையில் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இதே வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடும்.

முதலில் மைத்திரேயியின் கதை. மைத்திரேயி ராமகிருஷ்ணன் 2001 டிசம்பரில் மிசிசாகாவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கையில் இருந்து வந்த தமிழர்கள். 2019-இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடருக்கு ஒரு புதுமுகத்தைத் தேடி மிண்டி கேலிங் பொது அழைப்பு விட்டபோது இவருக்கு 17 வயது. பள்ளிக்கூட நாடகங்களில் நடித்திருந்தார், தொழில்முறையாக நடித்ததில்லை. ஒரு தோழி அந்த அழைப்பைக் காட்ட, இரண்டு பேருமாக நூலகத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 15,000 பேர். அதில் ஒருவராகத் தெரிவானார். தொடர் 2020 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் தொடங்கி 2023 வரை நான்கு பருவங்கள், 40 பகுதிகள் ஓடியது. நடுவில் 2022-இல், நம்முடைய ரொறன்ரோவிலேயே நடக்கும் 'டர்னிங் ரெட்' படத்தில் பிரியா என்ற பிள்ளைக்குக் குரல் கொடுத்தார்.

நம்மைப் போல ஒரு பிள்ளை, நாம் பஸ் ஏறுகிற இடத்தில் இருந்து அவ்வளவு தூரம் போனதைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தை நான் மறைக்கப் போவதில்லை. முதல் பருவம் முழுவதையும் ஒரே இரவில் பார்த்து முடித்தேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 15,000 பேரில் ஒருவர். அதை ஒரு வாழ்க்கைத் திட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் மாமா சொல்வது முழுக்கச் சரி. நான் பிழை என்று நினைப்பது அடுத்த படியைத்தான். மைத்திரேயி ஆக முடியாது என்றால் நடிக்கவே போகக்கூடாது என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். கணக்கியல் படிக்கப் போகிற பிள்ளையிடம், "நீ உலகத்திலேயே பெரிய கணக்காளராக வருவாயா?" என்று யாராவது கேட்கிறோமா? ஒழுங்காக வேலை செய்து, ஒழுங்காக வாழ்ந்தால் போதும் என்கிறோம். நடிப்பு என்றால் மட்டும், ஒன்றில் உலகப் புகழ், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த ஒரே ஒரு நட்சத்திரத்தையும் நாம் நிம்மதியாக விடுவதில்லை. அவர் நடித்த தேவி, கலிபோர்னியாவில் வளரும் இந்தியத் தமிழ்ப் பெண். நிஜத்தில் தான் ஒரு தமிழ்க் கனேடியர் என்று மைத்திரேயி பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் குடும்பக் கூட்டங்களில் நான் கேட்டவை இவை: "அவள் ஏன் நம்முடைய கதையில் நடிக்கவில்லை?" "தமிழ் வடிவாகக் கதைப்பாளோ?" "83 பற்றி ஏதும் சொன்னாளோ?" ஒரு பகிடித் தொடரில் நடித்த பிள்ளையின் தலையில் ஒரு இனத்தின் வரலாறு முழுவதையும் ஏற்றப் பார்க்கிறோம். நமக்குத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்பதால்தான் இப்படி நடக்கிறது. இருபது பேர் இருந்தால் ஒருவர் பகிடி செய்யலாம், ஒருவர் அழ வைக்கலாம், ஒருவர் மோசமாக நடித்துவிட்டுப் போகலாம். யாரும் எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை.

2020 டிசம்பரில் தீபா மேத்தாவின் 'ஃபனி போய்' வந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? ஷ்யாம் செல்வதுரையின் நாவல், 1983-ஐ நோக்கிப் போகும் ஒரு கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. முக்கியமான தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் அல்லாதவர்கள் நடித்தார்கள், தமிழ் உச்சரிப்பும் சரியில்லை என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. நானும் கோபத்தோடு எழுதினேன். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் நானே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு முதல் இந்த நகரத்தில் நடந்த தமிழ் நாடகம் ஒன்றுக்காவது காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போனேனா? இல்லை. நம்முடைய நடிகர்களை அவர்கள் தேடவில்லை என்று குறை சொன்ன எனக்கே அவர்களில் ஒருவருடைய பெயரும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு ஈரானிய நடிகையின் கதையைச் சொல்ல வேண்டும். யங் வீதியில் வடக்கே போனால் பாரசீக எழுத்தில் கடைப் பலகைகள் தெரியும், அந்தச் சமூகம் நமக்குப் புதிதல்ல. ஷோரே அக்தாஷ்லூ ஈரானில் பெயர் பெற்ற நடிகை. அப்பாஸ் கியாரோஸ்தமியின் 1977 படம் ஒன்றில் நடித்தவர். புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்துக்குப் போய், பிறகு லொஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். ஹொலிவூட் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் என்ன செய்தார்? கணவர் ஹூஷாங் தூஸி எழுதிய பாரசீக நாடகங்களில், தன்னைப் போலவே நாட்டை விட்டு வந்தவர்கள் முன்னால், ஊர் ஊராகப் போய் நடித்தார். 2003-இல் வெளிவந்த 'ஹவுஸ் ஒஃப் சாண்ட் அண்ட் ஃபொக்' படத்துக்காக ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தபோது அவருக்கு 51 வயது. 2009-இல் எம்மி விருதும் வந்தது.

ஈரானை விட்டு வந்ததற்கும் அந்தப் பரிந்துரைக்கும் இடையில் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம். அந்த இடைவெளியில் அவரை நடிகையாகவே வைத்திருந்ததில் மண்டபங்களுக்கு டிக்கெட் எடுத்து வந்த ஈரானியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒஸ்கார் கிடைக்குமா என்று பார்த்து அவர்கள் வரவில்லை. தங்கள் மொழியில் ஒரு நல்ல நாடகம் பார்க்க வந்தார்கள்.

நம்மிடமும் அது இல்லாமல் இல்லை. மனவெளி கலையாற்றுக் குழு இங்கே 'அரங்காடல்' என்ற பெயரில் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. 2016-இல் சுவேந்திரினி லீனா எழுதிய 'தி என்சான்டட் லூம்' நாடகம் ரொறன்ரோவில் மேடையேறியது. போரில் இருந்து தப்பி இங்கே வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. எழுதியவர் ஒரு நரம்பியல் மருத்துவர். மருத்துவம் அல்லது நாடகம், இரண்டில் ஒன்று என்று அவரிடம் சொல்லியிருந்தால் நமக்கு அந்த நாடகம் கிடைத்திருக்காது.

மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' அவருக்கு மனப்பாடம். ஒரே ஒரு மனிதர், யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டராக நின்று, பஸ்ஸில் ஏறுகிற சனம் எல்லாரையும் நம் கண் முன்னால் கொண்டுவருவார். பாலச்சந்திரன் கனடாவுக்கு வந்து, 2014-இல் காலமானார். நீண்ட கார்ப் பயணங்களில் மாமா அதைப் போட்டுவிட்டு, அடுத்த வரி வருமுன்பே தானே சொல்லிச் சிரிப்பார். கலையில் விருப்பமில்லாத மனிதர் இல்லை அவர். தன் மகள் அந்த மேடையில் நிற்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காசு பற்றிய அவருடைய பயத்தை நான் பகிடி பண்ணப் போவதில்லை. இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டியவர். நடிகர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை என்பது உண்மை. ஆகவே மச்சாளுக்கும் நேராகச் சொல்கிறேன்: கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும். அக்தாஷ்லூ இங்கிலாந்தில் சர்வதேச உறவுகள் படித்துப் பட்டம் பெற்றவர். முதல் வேடத்துக்கு வேண்டாம் என்று சொல்வார்கள், இருபதாவதுக்கும் சொல்வார்கள். அதற்குத் தயாராக இரு. தமிழை விடாதே. நாளைக்கு யாராவது நம்முடைய கதையைப் படமாக்கும்போது, நம்முடைய தமிழ் கதைக்கக்கூடிய நடிகை இல்லை என்று அவர்கள் சொல்ல இடம் வைக்காதே.

இதை வாசிக்கிற நடிக்காத எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வருடத்தில் இரண்டு தமிழ் நாடகம். ஒரு படத்துக்குப் போகிற செலவுதான். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காலியாகக் கிடக்கிற கதிரைகள் முன்னால் யாராலும் நடிப்புப் பழக முடியாது.

மச்சாள் பதில் அனுப்ப இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது, அது அவளுடைய முடிவு. வருகிற சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு தமிழ் நாடகம் போடுகிறார்கள். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவது மாமாவுக்கு என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். வேலைக்குப் போக வேண்டும் என்று மாமா இன்னும் சொல்லவில்லையாம்.